போர்டிங் ஸ்கூல் இன்டர்வியூவுக்குப் பிள்ளையைத் தயார் செய்வது எப்படி?

நீலகிரியில் ஒரு போர்டிங் பள்ளியில் பல வருடம் ஹவுஸ் மிஸ்ட்ரஸாக, அதாவது விடுதிப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியையாக இருந்தேன். ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் இன்டர்வியூவில் நானும் உட்காருவேன். கணக்கும் இங்கிலீஷும் எழுத்துத் தேர்விலேயே தெரிந்துவிடும். இன்டர்வியூவில் நாங்கள் பார்ப்பது வேறு. இந்தப் பிள்ளை அம்மா அப்பாவை விட்டு இருந்துவிடுமா, இங்கே வர அதற்கே இஷ்டம் இருக்கிறதா என்பதுதான்.

முதலில் பள்ளியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஊட்டி பக்கத்தில் இருக்கும் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. கொடைக்கானல் இன்டர்நேஷனல் 1901-இல் மிஷனரி பிள்ளைகளுக்காகத் தொடங்கியது, இன்று ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டம் நடத்துகிறது. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் இருக்கும் ரிஷி வேலி, தத்துவவாதி ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய பள்ளி. அங்கே சாப்பாடு சைவம்தான். கோழி இல்லாமல் சோறு இறங்காத பிள்ளை என்றால் அதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். "எங்கள் பள்ளி எதற்கு?" என்று கேட்டால் சொல்வதற்குப் பிள்ளையிடம் சொந்தமாக ஒரு காரணம் இருக்க வேண்டும். நூலகமோ, ஹாக்கி மைதானமோ, அக்கா அங்கே படிப்பதோ, எதுவானாலும் சரி.

பதில்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பெயர், ஊர், கலெக்டர் ஆகும் லட்சியம் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் அது அம்மா முகத்தைப் பார்க்கும். அம்மாவும் உடனே "தோசை மேடம்" என்பார். அதற்கு மேல் பிள்ளையிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

நான் வழக்கமாகக் கேட்பது, "வரும் வழியில் என்ன பார்த்தாய்?" ஒரு பையன் மலைப்பாதையில் இருக்கும் பர்லியாரில் மங்குஸ்தான் பழம் வாங்கியதையும், சாறு பட்டுச் சட்டை கறையானதையும், அடுத்த வளைவிலேயே வாந்தி எடுத்ததையும் தட்டுத் தடுமாறிய இங்கிலீஷில் சொன்னான். அவனுக்கு இடம் கொடுக்க நாங்கள் யோசிக்கவே இல்லை. இதற்குப் பயிற்சி வேண்டுமென்றால் ஹோட்டலில் அவனையே ஆர்டர் சொல்லச் சொல்லுங்கள், கடையில் அவனே விலை கேட்கட்டும், பார்த்த மேட்சைத் தாத்தாவிடம் போனில் சொல்லட்டும். கேள்வி புரியாவிட்டால் "மறுபடியும் சொல்றீங்களா மிஸ்" என்று கேட்கலாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். அது நிறைய பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை.

அடுத்தது டார்மெட்டரி வாழ்க்கை, அதாவது பல பிள்ளைகள் சேர்ந்து படுக்கும் விடுதி அறையில் இருப்பது. தானே குளிப்பது, படுக்கையை மடிப்பது, ஈரத்துணியைக் காயப்போடுவது எல்லாம் மூன்று மாதம் முன்பே பழகட்டும். நீளமுடிப் பெண்ணுக்குத் தானே பின்னிக்கொள்ளத் தெரிகிறதா என்று பாருங்கள். காலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு மேட்ரன் எத்தனை தலைதான் பின்னுவார்?

உடம்பு விஷயத்தை மறைக்கவே மறைக்காதீர்கள். வீசிங், வலிப்பு, படுக்கையில் சிறுநீர் கழிப்பது எதுவானாலும் சொல்லிவிடுங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். அந்தக் குளிரில் நடுராத்திரி மூச்சு இழுக்கும்போது இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. படுக்கை நனைக்கும் பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ள எங்களுக்கு வழி தெரியும். முன்கூட்டியே தெரிந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

பெற்றோரையும் கேட்பார்கள். அப்பா ஒரு காரணம், அம்மா ஒரு காரணம் சொன்னால் வீட்டில் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று புரிந்துவிடும். "வீட்ல அடங்க மாட்டேங்கிறான், நீங்கதான் திருத்தணும்" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்லாதீர்கள். தண்டனையாக வந்த பிள்ளை ஒட்டவே ஒட்டாது. பிள்ளை மனப்பூர்வமாக வேண்டாம் என்றால் அந்த வருடம் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

நீங்களும் கேளுங்கள். வாரத்தில் எத்தனை முறை போன் பேசலாம்? ராத்திரி நர்ஸ் இருப்பாரா? ஒரு டார்மில் எத்தனை பேர்? சீனியர்கள் தொல்லை கொடுத்தால் பிள்ளை யாரிடம் சொல்ல வேண்டும்? டெபாசிட் எப்போது திரும்ப வரும்? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்லாத பள்ளியை நான் நம்ப மாட்டேன்.

முந்தின நாளே மலை ஏறிவிடுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்துவிட்டது, கிளம்பும் முன் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, அதனால் ஸ்டீல் பாட்டில் போதும். ஸ்வெட்டர், பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட், பிள்ளை வரைந்தது எழுதியது இருந்தால் அதுவும்.

இறங்கும் வழியில் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே" என்று துருவ வேண்டாம். காத்திருப்புப் பட்டியலில் பெயர் வந்தால் இன்னும் சேர விருப்பம் இருக்கிறது என்று அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டு வையுங்கள். பணம் கட்டும் கடைசித் தேதி தாண்டியதும் சில இடங்கள் காலியாவது உண்டு.