மிலிட்டரி டிரெஸ் வாங்கும்போது துணியை மட்டும் பார்க்காதீங்க

ஜனவரி பிறந்தாலே கோபிசெட்டிபாளையம் பக்கத்து நம்ம ஆட்கள் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணா, ஸ்கூல்ல கொடியேத்தக் கூப்பிட்டிருக்காங்க, டிரெஸ்ஸு எங்கீங்க ஒரிஜினலா கிடைக்கும்?" மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து வந்தவன் என்பதால் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

ரிட்டயர்ட் ஆனவர்களுக்கு என் யோசனை இதுதான்: முழு யூனிஃபார்ம் வேண்டாம். நல்ல கோட்டு ஒன்று தைத்து, இடது பக்கம் மெடலைக் குத்திக்கொள்ளுங்கள். மரியாதைக்கு அது போதும்.

சர்வீஸில் இருக்கும் பையன்கள் லீவில் வரும்போது இன்னொரு செட் வாங்க ஆசைப்படுகிறார்கள். 2022 ஜனவரி 15 அன்று வந்த புது காம்பாட் டிரெஸ்ஸை, அதாவது களத்தில் போடும் உடுப்பை, வெளிக்கடையில் தேடவே தேடாதீர்கள். அந்த டிசைனை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்து வைத்திருக்கிறது. அனுமதி இல்லாதவர் விற்பது சட்டவிரோதம். யூனிட் வழியாகவோ ராணுவத்தினருக்கான சிஎஸ்டி கேண்டீன் வழியாகவோ வாங்குங்கள். "சர்டிஃபைடு" என்று அட்டை தொங்கவிட்டால் அது கடைக்காரர் அச்சடித்த அட்டை, அவ்வளவுதான். கேண்டீன் பில்தான் சான்று.

துணி பார்ப்பதை ஈரோட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சி காட்டுங்கள். முழுக்க உருகி மணியாகத் திரண்டால் வெறும் பாலியஸ்டர். காம்பாட் துணியில் எழுபது பங்கு பருத்தி, முப்பது பங்கு பாலியஸ்டர்; அதில் சாம்பலும் விழும்.

ஆள் மாட்டுவது துணியில் அல்ல, பேட்ஜில்தான். எங்கள் ரெஜிமெண்ட் பேட்ஜில் யானை இருக்கும், 1803இல் நடந்த அஸ்ஸாயே போரின் நினைவாக. பித்தளைத் தகட்டை அச்சில் வைத்து அடித்த பேட்ஜில் தந்தமும் தும்பிக்கையும் தனித்தனியாக நிற்கும், விரலால் தடவினாலே தெரியும். வார்த்து எடுத்த போலியில் இரண்டும் ஒன்றாகக் குழைந்து கிடக்கும். காந்தம் வைத்தும் பாருங்கள். பித்தளை ஒட்டாது; ஒட்டினால் இரும்புக்கு மேலே முலாம்.

தோள் நட்சத்திரத்திலும் கவனம் வேண்டும். சுபேதாருக்கு இரண்டு நட்சத்திரம், கூடவே சிவப்பு மஞ்சள் பட்டை. அந்தப் பட்டை இல்லாமல் குத்தினால் நீங்கள் லெப்டினென்ட் ஆகிவிடுவீர்கள்! கடைக்காரர் கொடுக்கிற இந்தப் புரமோஷனை ரெஜிமெண்ட் ஒத்துக்கொள்ளாது.

மெடலுக்குப் பதிலாக நெஞ்சில் குத்தும் வண்ணப் பட்டைதான் ரிப்பன் பார்; அதை ரெடிமேடாக வாங்கவே வாங்காதீர்கள். வண்ணம் நிறைய இருந்தால் அழகு என்று கண்டதையும் கோத்து வைத்திருப்பார்கள். சுதந்திரப் பொன்விழா மெடல் 1997 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்கு மட்டும்தான். 2005இல் சேர்ந்த பையன் அதைக் குத்திக்கொண்டு நின்றால், விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கு என்னென்ன மெடல் என்று சர்வீஸ் முடிந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிறது. அதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கோக்கச் சொல்லுங்கள். ரிப்பன் 32 மில்லிமீட்டர் அகலம், ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்.

ராணுவத்தில் இல்லாதவர் சிப்பாய் என்று நம்பவைக்க இந்த உடுப்பைப் போட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும் உண்டு. கல்யாண வீட்டு போட்டோவுக்காக மச்சான் கேட்டாலும் கொடுக்காதீங்க.

அப்புறம், மெடல் தொலைந்துபோனவர்கள் கடையில் நகல் வாங்குவதற்கு முன் உங்கள் சர்வீஸ் விவரங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். எங்களுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. சர்வீஸ் நம்பரும் டிஸ்சார்ஜ் புக் நகலும் வைத்து அனுப்புங்கள். ஒரிஜினல் மெடலின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். கடை நகலில் அந்த இடம் மொட்டையாக இருக்கும்.