ராஞ்ச் வேலை கற்க வருகிறவரை எங்கிருந்து தொடங்க வைப்பது

அமெரிக்காவில் வயோமிங், மொன்டானா பக்கத்து ராஞ்சுகளுக்கு, அதாவது பெரிய மாட்டுப் பண்ணைகளுக்கு, வேலை கற்க வருகிற பெரும்பாலானோர் முதல் நாளே குதிரை மேல் ஏறிவிடும் ஆசையோடுதான் வருவார்கள். ஏற்றாதீர்கள். உண்மையிலேயே கற்கும் எண்ணம் உள்ளவர் என்றால் முதல் சில நாட்கள் தரையிலேயே நின்று பழகச் சம்மதிப்பார், அங்கே கற்பதுதான் பின்னால் அவர் உயிரையே காப்பாற்றும்.

முதலில் சரியான குதிரையைக் கொடுங்கள். பன்னிரண்டு பதினைந்து வயதான, பல வருடம் மாடு ஓட்டிய, காயடித்த ஆண் குதிரைதான் நல்ல வாத்தியார். புதியவருக்கு இளங்குதிரையைக் கொடுத்து 'இருவரும் சேர்ந்து கற்கட்டும்' என்பது மிகத் தவறான யோசனை. குதிரையும் கெடும், ஆளும் அடிபடுவார்.

குதிரை அரை டன் எடையுள்ள, பயந்தால் ஓடிவிடும் விலங்கு. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் கிட்டத்தட்ட எல்லாம் தெரியும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. அதனால் தோளை நோக்கிப் பேசிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பின்னால் சுற்றிப் போக வேண்டுமென்றால் கையை அதன் முதுகில் வைத்தபடி ஒட்டிப் போகலாம், அல்லது உதை எட்டாத தூரத்தில் போகலாம், இரண்டுக்கும் நடுவே மட்டும் நிற்கக் கூடாது. குதிரையை நடத்திச் செல்லும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, மடித்துத்தான் பிடிக்க வேண்டும். கட்டும்போது ஒரு இழுப்பில் அவிழ்கிற முடிச்சு, அதுவும் குதிரையின் தோள் உயரத்துக்கு. குளம்பைச் சுத்தம் செய்யும்போது கொக்கியைக் குதிகாலிலிருந்து முனை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள், நடுவில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியைக் குத்திவிடாமல்.

சேணத்தைக் குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்ட முன்வார், பின்வார் என்று இரண்டு வார்கள், அதில் ஒரு ஒழுங்கு உண்டு: முன்வாரை முதலில் கட்டி, பின்வாரைக் கடைசியில் கட்ட வேண்டும், கழற்றும்போது பின்வார்தான் முதலில். பின்வார் மட்டும் மாட்டியிருக்கும் நேரத்தில் குதிரை மிரண்டால் சேணம் வயிற்றுக்கடியில் போய்த் தொங்கும், அப்புறம் அந்தக் குதிரையைப் பிடிப்பதே பெரும்பாடு. முன்வாரை ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம். கொஞ்சம் இறுக்கி, நாலு அடி நடத்தி, மறுபடி இறுக்கி, ஏறுவதற்கு முன் இன்னொரு தடவை விரலை விட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, இனி நான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாக நினைப்பது. அழுத்தத்தால் குதிரை கற்பதில்லை, அழுத்தம் விலகும் அந்தக் கணத்தில்தான் கற்கிறது. அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர்களான டாம் டோரன்ஸ், அவரிடம் கற்ற ரே ஹன்ட் போன்றவர்கள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். லகானை மெதுவாகப் பிடிக்கிறீர்கள், குதிரை கழுத்தைத் துளி தளர்த்துகிறது, அந்த நொடியே விட்டுவிட வேண்டும். இரண்டு நொடி தாமதித்தால் அது அதற்குள் தலையைத் தூக்கியிருக்கும், நீங்கள் அப்போது விடுவதால் தலையைத் தூக்கினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதனால் புதியவரின் இரண்டு கைகளிலும் லகானைக் கொடுத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள், மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொண்டு குதிரையை ஓட்டுவதுபோல் இடம், வலம், நில் என்று காட்டுங்கள். நீங்கள் பிடியைத் தளர்த்தாமல் வைத்திருக்கும்போது அவர் கையே எதிர்த்து இழுக்க ஆரம்பிக்கும். அதை ஒருமுறை உணர்ந்தவர் லகானை விடாமல் இழுத்துக் குதிரையின் வாயில் தொங்க மாட்டார்.

ஏறிய பிறகு முதல் பாடம் நிறுத்துவது. ஒரு பக்க லகானை மட்டும் மெல்ல இழுத்துக் குதிரையின் தலையைத் தன் முழங்கால் பக்கம் வளைக்கச் சொல்லுங்கள், கழுத்து வளைந்த குதிரையால் நேராகப் பாய முடியாது. முதலில் நின்ற இடத்தில், பிறகு நடையில், பிறகு மெல்லோட்டத்தில். வேகமாக ஓடும் குதிரையின் தலையைச் சட்டென்று இழுத்தால் அது இடறி விழும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். காலணிக்குக் குதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். அனுபவசாலிகள் தொப்பியோடு போகட்டும், புதியவர் ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது.

மாட்டு வேலைக்கு வருவோம். நம் ஊரில் வீட்டில் மாடு வைத்து வளர்ந்தவர்கள் இங்கே வந்தால் பழக்கதோஷத்தில் நேராகக் கிட்டே போய்விடுவார்கள். திறந்தவெளியில் மேயும் மாடு தட்டிக்கொடுக்க நிற்காது. ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் ஒரு எல்லை இருக்கிறது, அதற்குள் நுழைந்தால் விலகும், வெளியே வந்தால் நிற்கும். அந்த எல்லையின் ஓரத்திலேயே நின்று வேலை செய்யப் பழக்குங்கள். அதன் தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது திரும்பும். மாடு நகர்ந்ததும் கொஞ்சம் பின்வாங்கச் சொல்லுங்கள், குதிரைக்குச் சொன்ன அதே விடுதலைதான் இங்கேயும். கத்துவதும் விரட்டுவதும் வேண்டாம். மிரண்ட மாடு அடங்க 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும், அதுவரை எந்த வேலையும் நடக்காது. இதையெல்லாம் முதலில் சின்னப் பட்டியில், நடந்தே பழகட்டும்.

சுருக்குக் கயிறு எல்லோரும் கேட்பது. வைக்கோல் கட்டில் பிளாஸ்டிக் கன்றுத் தலையைச் செருகி, தரையில் நின்று வீசிக் கை வலிக்கட்டும். ஆனால் மாட்டைச் சுருக்கில் பிடித்ததும் கயிற்றின் மறுமுனையைச் சேணத்தின் முன்பக்கம் நீட்டியிருக்கும் கொம்பில் சுற்றும் டேலியை வெகு காலம் தள்ளிப்போடுங்கள். கொம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே சிக்கிக் கட்டைவிரலையே இழந்தவர்கள் அனுபவசாலிகளிலேயே உண்டு.

மற்றபடி ராஞ்ச் வேலையில் பெரும்பகுதி வேலி பார்ப்பது, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது, பனிக்காலத்தில் அதன் மேல் உறைந்த பனிக்கட்டியை உடைப்பது. இதில் முகம் சுளிக்காதவரை நம்பி அடுத்த வேலையைக் கொடுக்கலாம். கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்தால் திறந்தபடியே விட வேண்டும், மேய்ச்சலுக்கோ தண்ணீருக்கோ யாராவது வேண்டுமென்றேகூடத் திறந்து வைத்திருக்கலாம்.

தனியாக அனுப்பலாமா என்று முடிவெடுக்க ஒரு வழி: வேலை முடிந்து திரும்பியதும் அவர் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வாரைத் தளர்த்தி, சேணத்தடியில் காய்ந்த வியர்வையைத் தேய்த்து எடுத்து, புண் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, தண்ணீர் காட்டிவிட்டு அப்புறம்தான் தன் சாப்பாட்டுக்குப் போகிறார் என்றால், மறுநாள் காலை வேலி பார்க்க அவரைத் தனியே அனுப்புங்கள்.