தோள் தசைநாண்: அறுவை சிகிச்சை இல்லாமல் தேற்றும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவின் பீடோர் பக்கச் செம்பனைத் தோட்டங்களில், தோளின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) தேற பயிற்சியைப் புதிதாகத் தொடங்குபவர்கள் வழக்கமாக வழுக்கும் இடங்கள் இவை. பளு தூக்காதே, அந்தப் பக்கம் படுக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

வலி போனதும் நிறுத்துவது

எரிச்சலூட்டும் தவறு இதுதான். சில வாரங்களில் வலி தணியும். உடனே பயிற்சிக்கான ரப்பர் பட்டை அலமாரிக்குப் போகும், அவரும் நீளக் கம்போடு செம்பனைக் குலை வெட்டப் போவார். அடுத்த சம்பளத்துக்குள் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். வலி அடங்குவது வேறு, நாண் பலப்படுவது வேறு. நாண் தசையைவிட மெதுவாகத்தான் தேறும். 12 வாரமாவது கொடுங்கள்.

முதலில், வலிக்கும் பக்கம் சுவர் இருக்கும்படி நில்லுங்கள். முழங்கையை 90 பாகை மடக்கி, விலாவுக்கும் கைக்கும் நடுவே சுருட்டிய துண்டை இடுக்கி, புறங்கையால் சுவரை அழுத்துங்கள். 30 முதல் 45 விநாடி, 5 முறை. பிறகு பட்டை: அதே நிலையில் முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது, 10 முதல் 15 தடவை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். திரும்பி வரும்போது 3 விநாடி எடுங்கள். அவசரக்காரர்கள் இங்கேதான் ஏமாற்றுவார்கள். மூன்று சுற்றிலும் 15 சுளுவாக வந்தால்தான் அடுத்த தடித்த பட்டை. தலைக்கு மேல் தூக்குவது கடைசி. ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் போதும்.

வேலையிலும் இதே வரிசைதான். முதலில் உதிரிப்பழம் பொறுக்குவது, அடுத்து உளியால் வெட்டும் குட்டை மரம், அப்புறம்தான் கம்பு அரிவாள். தண்டலிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) முன்பே பேசிவிடுங்கள்.

துளி வலிக்கும் பயப்படுவது

பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வரவேண்டும். வராவிட்டால் பளுவைக் குறையுங்கள், பயிற்சியை விடாதீர்கள்.

கையைக் கழுத்தில் கட்டியே வைப்பது

தோள் இறுகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல்.

ஊசி போட்ட மறுநாளே கம்பு தூக்குவது

ஸ்டீராய்டு வலியைத்தான் அடக்கும்; நாணை ஒட்டவைக்காது.

வலிக்கும் இடத்தையே அழுத்தி உருவுவது

வேண்டாம்.

விழுந்து அடிபட்ட தோளுக்கும் இதையே செய்வது

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததிலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லையா? நாண் முழுதாக அறுந்திருக்கலாம். மாதக்கணக்கில் தள்ளினால் அறுந்த முனை உள்ளே இழுத்துக்கொண்டு, தைப்பதே கடினமாகும். முதல் வாரமே ஸ்கேன் எடுங்கள். வேலையில் நடந்த விபத்தென்றால் ஆபீஸில் உடனே சொல்லுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு) தெரிவிக்க வேண்டும்.