எந்த டெஸ்ட் தொடரைப் பின்தொடர்வது? பழைய பாக்கியைத் தேடும் முறை

என் அக்கா மகனுக்கு இருபது ஓவர் ஆட்டம் அத்துப்படி. டெஸ்ட் என்றால் கொட்டாவி. 2025 ஜூனில் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போயிருந்த சமயம், திடீரென்று ஒருநாள் வந்து கேட்டான்: "மாமா, அஞ்சு நாள் உக்காந்து பாக்கணும்னா எந்த ரெண்டு டீம் ஆடுறதப் பாக்கணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவனிடம் சொன்னதையும், சொல்ல மறந்து அப்புறம் ஞாபகம் வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நான் விமர்சகன் இல்லை. ஸ்கோர் நோட்டு எழுதுகிறவன். பந்துக்குப் பந்து பென்சிலால் குறித்துக்கொண்டே பார்த்தால்தான் எனக்கு ஆட்டம் பார்த்த மாதிரி இருக்கும். அதனால் என் யோசனையும் கணக்குப்பிள்ளை யோசனையாகத்தான் இருக்கும்.

முதலில் சத்தத்தைக் கழித்துவிடுங்கள். தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே தொலைக்காட்சி விளம்பரத்தில் இரண்டு கேப்டன்களையும் முறைக்கவிட்டு, பின்னணியில் இடி இடிக்க வைப்பார்கள். அது விற்பனை. ஆடுகளத்தில் நடக்கும் வாய்ச்சண்டையும் பெரிதில்லை, தேநீர் இடைவேளைக்குள் ஆறிவிடும். நாம் தேடவேண்டியது பங்காளிச் சண்டை. வரப்புத் தகராறில் இன்றைக்கு என்ன பேசினார்கள் என்பதைவிட, போன முறை யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் பேச்சாக இருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

இப்படிச் சொன்னதும் "அப்போ இந்தியா-பாகிஸ்தான்தானே?" என்றான். பகை என்று பார்த்தால் அதுதான் பெரிது. ஆனால் பின்தொடர்வதற்கு அங்கே எதுவும் இல்லை. 2007 டிசம்பரில் பெங்களூரில் ஆடியதுதான் கடைசி டெஸ்ட். அதுவரை ஆடிய 59 டெஸ்டுகளில் 38 டிரா. ஜெயிக்கும் ஆசையைவிடத் தோற்கும் பயம் பெரிதாக இருந்தது என்பது என் கணிப்பு. 1999 சென்னை டெஸ்டின் கடைசி நாளை மட்டும் தேடிப் பார்த்துவிடுங்கள். இலக்கு 271. முதுகுவலியோடு 136 அடித்த டெண்டுல்கர் சக்லைன் முஷ்டாக் பந்தில் அவுட்டாகும்போது இன்னும் 17 ரன்தான் தேவை. மீதி விக்கெட்டுகள் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி. தோற்ற அரங்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. பார்த்து முடித்துவிட்டு, ஆடுகிற அணிகளிடம் வாருங்கள்.

ஒரு தொடர் தேறுமா என்று பார்க்க நான் முதலில் கேட்கும் கேள்வி: இந்த இரண்டு அணிகளும் ஒன்றின் வீட்டுக்குள் இன்னொன்று புகுந்து ஜெயிக்கின்றனவா? சொந்த மண்ணில் மட்டும் மாறி மாறி ஜெயித்துக்கொண்டிருந்தால் அது பண்டிகை முறை மாதிரி, முடிவு முன்கூட்டியே தெரியும்.

இந்தக் கேள்வியில், இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடும் ஆஷஸே கொஞ்சம் தடுமாறும். 1882இல் ஓவல் மைதானத்தில் 7 ரன்னில் இங்கிலாந்து தோற்றதிலிருந்து வரும் கதை அது, வரலாற்றில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் 2010-11க்குப் பிறகு ஆஸ்திரேலிய மண்ணில் இங்கிலாந்து தொடரை வென்றதில்லை. 2001க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் ஆஸ்திரேலியாவும் வென்றதில்லை. 2019, 2023 இரண்டுமே 2-2. என் ஆலோசனை இதுதான்: ஆஷஸ் இங்கிலாந்தில் நடந்தால் விடாதீர்கள். 2005 எட்ஜ்பாஸ்டனில் 2 ரன் வித்தியாசம், 2019 ஹெடிங்லியில் கடைசி விக்கெட்டுக்கு ஸ்டோக்ஸும் லீச்சும் சேர்த்த 76 ரன், அதில் லீச்சின் பங்கு ஒரே ஒரு ரன், எல்லாம் அங்கே நடந்தவைதான். ஆஸ்திரேலியாவில் நடந்தால் முதல் இரண்டு டெஸ்டைப் பார்த்துவிட்டு, தொடர வேண்டுமா என்று முடிவு செய்யலாம். ஆஷஸ் ரசிகர்கள் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

இதே கேள்வியில் நூற்றுக்கு நூறு வாங்குவது யாரும் கவனிக்காத தென்னாப்பிரிக்கா-ஆஸ்திரேலியா. இந்த இருவருக்கும் நடுவில் பல வருடம் விசித்திரமான பழக்கம் ஒன்று இருந்தது: விருந்தாளிதான் ஜெயிப்பார். தென்னாப்பிரிக்கா 2008-09, 2012-13, 2016-17 என்று வரிசையாக மூன்று முறை ஆஸ்திரேலியாவில் போய்த் தொடரை வென்றது. பதிலுக்கு ஆஸ்திரேலியா 2009இலும் 2014இலும் தென்னாப்பிரிக்காவில் வென்றது. 1970க்குப் பிறகு தென்னாப்பிரிக்கா சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவிடம் தொடரை வெல்ல 2018 வரை ஆனது. அதுதான் கேப் டவுனில் ஆஸ்திரேலியர்கள் பந்தைத் தேய்க்கக் களத்துக்குள் உப்புத்தாள் கொண்டுவந்து மாட்டிய தொடர்.

அதே கேப் டவுனில் 2011இல் நடந்ததை ஸ்கோர் எழுதுகிற யாராலும் மறக்க முடியாது. ஒரே நாளில் 23 விக்கெட். தென்னாப்பிரிக்கா 96க்கு ஆல் அவுட். அடுத்து ஆஸ்திரேலியா 21 ரன்னுக்கு 9 விக்கெட். பதினோராவது ஆளாக வந்த நாதன் லயன் 14 அடித்து அதிகபட்ச ஸ்கோர் வைத்திருக்க, 47க்கு முடிந்தது. இவ்வளவுக்கும் பிறகு தென்னாப்பிரிக்கா 236ஐத் துரத்தி 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. வென்ற அன்று காலை மைதான ஸ்கோர்போர்டில் 11.11 மணி, தேதி 11/11/11, தேவை 111 ரன். அடுத்த ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் 18 வயதில் அறிமுகமான பேட் கம்மின்ஸ் இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்து, கடைசியில் வெற்றி ரன்னையும் அவரே அடித்தார். 1-1. நாற்காலி நுனிக்கு வந்து உட்காருகிற நேரத்தில் தொடரே முடிந்துபோனது. இரண்டே டெஸ்ட்!

ஆக அடுத்து பார்க்கவேண்டியது எண்ணிக்கை. ஐந்து டெஸ்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். நான்கு பரவாயில்லை. இரண்டு என்றால் என்னதான் நல்ல அணிகளாக இருந்தாலும் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்த கதைதான்.

அப்புறம் முக்கியமானது, பாக்கி. போன ஆட்டத்தில் பட்ட அடியோ சொன்ன சொல்லோ இந்த ஆட்டத்துக்குள் வருகிறதா? இங்கேதான் இந்தியா-ஆஸ்திரேலியா எல்லோரையும் தாண்டிவிடுகிறது. 2001 கொல்கத்தாவில் ஃபாலோ ஆன் வாங்கி, அதாவது உடனே மறுபடியும் பேட் செய்ய வைக்கப்பட்ட பிறகு லக்ஷ்மண் 281, திராவிட் 180 அடித்து, தொடர்ந்து 16 டெஸ்ட் வென்றுவந்த ஸ்டீவ் வா அணியைத் தோற்கடித்தது எல்லோரும் அறிந்தது. எனக்கு அதைவிட நெருக்கமானது 2021 ஜனவரி சிட்னி.

இந்தியா அடிலெய்டில் 36க்கு ஆல் அவுட்டாகி, மெல்போர்னில் எழுந்து நின்று, 1-1 என்று சிட்னிக்கு வந்திருந்தது. கடைசி நாள் பண்ட் 97இலும் புஜாரா 77இலும் போய்விட்டார்கள். விஹாரிக்குத் தொடைத் தசை இழுத்துக்கொண்டது, ஓட முடியாது. அஸ்வினுக்குக் காலையில் குனிந்து ஷூ லேஸ்கூடக் கட்ட முடியாத முதுகுவலி. இந்த இருவரும் சேர்ந்து 259 பந்து ஆடினார்கள். எடுத்தது 62 ரன். ஆட்டம் டிரா. ஸ்டம்ப் மைக்கில் அவ்வப்போது தமிழ் கேட்டது. என் நோட்டில் அந்தப் பக்கங்களை இப்போது திறந்தாலும் எறும்பு வரிசை போகிற மாதிரி புள்ளி, புள்ளி, புள்ளி. நடுவில் ஓரிடத்தில் பென்சில் முனை ஒடிந்த தடம் இருக்கிறது. விஹாரி கொடுத்த கேட்சைக் கீப்பர் டிம் பெய்ன் விட்ட இடம் அது.

அந்த மாலை பெய்ன் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து அஸ்வினிடம் பேச்சுக் கொடுத்தார். அடுத்து பிரிஸ்பேன் காபா மைதானம் வரட்டும் என்ற தொனியில். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே டெஸ்ட் தோற்றதே கிடையாது, ஆகவே அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இருந்தது. காயத்தால் அஸ்வின், பும்ரா, ஜடேஜா, விஹாரி நால்வருமே பிரிஸ்பேனில் ஆடவில்லை. முதல் டெஸ்ட் ஆடிய நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். புஜாரா உடம்பெல்லாம் அடிவாங்கி 211 பந்தில் 56. பண்ட் 89 நாட் அவுட். மூன்று ஓவர் மிச்சம் வைத்து 328ஐ எட்டினார்கள். சொன்ன சொல் ஒரே வாரத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. பாக்கி என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, தொடரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. எப்படிப் பார்ப்பது?

முதல் பந்திலிருந்து தொடங்காதீர்கள். அதே இரு அணிகள் அதே மண்ணில் ஆடிய போன தொடரின் கடைசி நாளை முதலில் பாருங்கள். இந்தியா-இங்கிலாந்து தொடருக்காக அவனுக்கு நான் காட்டியது 2022 ஜூலை எட்ஜ்பாஸ்டன். முந்தைய ஆண்டு இந்தியா 2-1 என்று முன்னிலையில் இருந்தபோது கொரோனாவால் நின்றுபோன ஐந்தாவது டெஸ்ட் அது. ஒரு வருடம் கழித்து ஆடினார்கள். ரூட்டும் பேர்ஸ்டோவும் சதமடிக்க, இங்கிலாந்து 378ஐத் துரத்தி 2-2 ஆக்கியது. அதைப் பார்த்ததும் "அப்போ நமக்குத்தான் பாக்கி" என்றான். பாடம் ஏறிவிட்டது.

அடுத்து, ஐந்து நாளையும் பார்த்தே தீரவேண்டும் என்று நினைத்தால் இரண்டாம் நாளே சலிக்கும். புதிய பந்தின் முதல் பத்து ஓவர், எண்பது ஓவர் முடிந்து இரண்டாவது புதிய பந்து எடுக்கும் நேரம், மாலையில் கடைசி அரை மணி, நான்காம் நாள் மதியத்திலிருந்து எல்லாமே. இவ்வளவு போதும், மீதி நேரம் ஸ்கோரை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பதினோரு பேரையும் கவனிக்க முயலாதீர்கள். ஒரு பேட்ஸ்மேன், ஒரு பந்துவீச்சாளர், அந்த ஜோடியை மட்டும் பிடியுங்கள். 2014இல் இங்கிலாந்தில் கோலி பத்து இன்னிங்ஸில் எடுத்தது 134 ரன். ஆண்டர்சன் நாலு முறை தூக்கினார், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடவைத்து. 2018இல் கோலி திரும்பி வந்தார், கிரீஸுக்கு வெளியே நின்று ஆடினார். எட்ஜ்பாஸ்டன் முதல் இன்னிங்ஸில் 21இல் இருக்கும்போது ஆண்டர்சன் பந்தில் ஸ்லிப்பில் கேட்ச் விட்டார்கள், அன்று 149. தொடர் முழுக்க 593 ரன், ஆண்டர்சனிடம் ஒருமுறைகூட அவுட்டாகவில்லை. ஆனால் தொடரை இந்தியா 4-1 என்று தோற்றது. ஜோடியைப் பிடித்துப் பார்த்தவனுக்கு மட்டும்தான் அந்த 4-1க்குள் இன்னொரு ஆட்டம் நடந்தது தெரியும்.

கடைசியாக, நோட்டு. ஒரு பென்சில், கட்டம் போட்ட தாள். ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி, ரன் என்றால் எண். ரன்னே கொடுக்காத மெய்டன் ஓவரில் ஆறு புள்ளியையும் மூன்று மூன்றாக எழுதிக் கோடிழுத்துச் சேர்த்தால் ஆங்கில எம் எழுத்து வரும். இதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் ஒரு செஷன் எழுதிப் பார்க்கட்டும். நாலு ஓவராகப் புள்ளியாகவே விழும்போது, ஏதோ நடக்கப் போகிறது என்று மூளைக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். நோட்டின் பின்னட்டையில் பாக்கிப் பட்டியல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் பட்டியலில் முதலில் ஏறிய பெயர் சிராஜ். அந்த 2025 தொடரில், லார்ட்ஸில் இந்தியாவுக்கு 193 இலக்கு. ஜடேஜா 61 ரன்னோடு ஒருபுறம் நிற்க, கடைசி ஆளாக வந்த சிராஜ் 30 பந்து தாக்குப்பிடித்தார். இடது கை விரல் முறிந்தும் பந்து வீச வந்த பஷீரின் பந்தை மட்டையின் நடுவில்தான் தடுத்தார். அது தரையில் பட்டு, பின்னால் உருண்டுபோய் ஸ்டம்பைத் தட்டி ஒரு பெயிலைச் சாய்த்தது. 22 ரன்னில் தோல்வி. இவன் பென்சிலை எறிந்துவிட்டு எழுந்தான். எடுத்து எழுது, பின்னட்டையில் எழுது என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஆகஸ்ட் 4, ஓவல். தொடரின் ஐந்து டெஸ்டும் ஐந்தாம் நாளைத் தொட்டிருந்தன. முந்தைய நாள் 19இல் இருந்த ப்ரூக் அடித்த பந்தைப் பிடித்துவிட்டு எல்லைக் கயிற்றை மிதித்தவரும் அதே சிராஜ்தான்; ப்ரூக் 111 வரை போனார். கடைசிக் காலை இங்கிலாந்துக்கு 35 ரன், இந்தியாவுக்கு நாலு விக்கெட். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்மித், ஓவர்டன், டங் போனார்கள். தோள் விலகியிருந்த வோக்ஸ், ஸ்வெட்டருக்குள் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். அட்கின்சன் ஒரு சிக்ஸர் அடித்தார். பிறகு சிராஜ் யார்க்கரில் அவரது ஆஃப் ஸ்டம்பைச் சாய்க்க, இந்தியா 6 ரன்னில் வென்றது. 2-2.

கூத்தெல்லாம் அடங்கிய பிறகு இவன் நோட்டும் கையுமாக வந்தான். வோக்ஸ் பெயருக்கு எதிரே கட்டம் வெறுமையாக இருந்தது.

"இவர் ஒரு பந்துகூட ஆடலையே மாமா. புள்ளிகூட இல்ல. என்ன எழுதுறது?"

"நாட் அவுட்னு எழுது" என்றேன்.