"4ஜி போன்தானே, ஒண்ணும் ஆகாது": 3ஜி மூடலில் செய்யக்கூடாத தவறுகள்

ஆஸ்திரேலியாவில் 3ஜி சிக்னல் இப்போது கிடையாது. அங்கே பெரிய மொபைல் நிறுவனங்கள் மூன்று. அவற்றில் வோடஃபோன் 2023 டிசம்பரில் மூடத் தொடங்கி அடுத்த மாதமே முடித்துக்கொண்டது. டெல்ஸ்ட்ரா முதலில் 2024 ஜூன் 30 என்றது, பிறகு ஆகஸ்ட் 31 என்றது. கடைசியில் அதுவும் ஆப்டஸும் ஒரே நாளில், அக்டோபர் 28 அன்று, மூட ஆரம்பித்தன. தேதி இப்படித் தள்ளிப்போனதற்குக் காரணம் டவர்கள் அல்ல, மக்கள் கையிலிருந்த போன்கள். பார்த்தால் 4ஜி போன், நெட் நன்றாக ஓடும். ஆனால் ஆம்புலன்ஸுக்கோ போலீஸுக்கோ அந்நாட்டு அவசர எண்ணான 000 அழுத்தினால் மட்டும் 3ஜியைத் தேடிப் போகும். அப்படிப்பட்ட போன்கள் லட்சக்கணக்கில் புழக்கத்தில் இருப்பது தெரிந்ததும் அரசே தலையிட வேண்டியதாயிற்று.

மூடி முடிந்த கதையை இப்போது எதற்குப் பேச வேண்டும் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா பழைய போனோடுதான் மெல்போர்னிலும் சிட்னியிலும் வந்து இறங்குகிறார்கள். படிக்க வரும் பிள்ளைகள் செகண்ட்ஹேண்ட் போன் வாங்குகிறார்கள். மற்ற நாடுகளிலும் பழைய நெட்வொர்க்குகள் வரிசையாக மூடப்படுகின்றன. பிரிட்டனில் 2033க்குள் 2ஜியும் போய்விடும். ஆஸ்திரேலியாவில் பலர் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அங்கேயும் விழுவார்கள்.

மேலே 4ஜி என்று காட்டுகிறதே

இதுதான் எல்லோரும் சொல்லும் முதல் சமாதானம். திரையின் மேல்மூலையில் தெரியும் 4ஜி, டேட்டாவுக்கானது. குரல் அழைப்பு அதே வழியில் போகும் என்று அர்த்தமில்லை. 4ஜி அடிப்படையில் டேட்டாவுக்காக வந்த நெட்வொர்க். அதன் வழியாகக் குரல் போக வேண்டுமென்றால் வோல்டி (VoLTE) என்ற வசதி போனிலும் இருக்க வேண்டும், சிம் நிறுவனத்திலும் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இதில் ஏதாவது ஒன்று இல்லாவிட்டால், அழைக்கும் நேரத்தில் மட்டும் போன் சத்தமில்லாமல் 3ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு, பேச்சு முடிந்ததும் 4ஜிக்கு ஏறிவிடும். பல வருடங்களாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

ஐபோன் 5, 5சி, 5எஸ் மூன்றிலும் 4ஜி உண்டு, வோல்டி கிடையாது. ஐபோன் 6இல்தான் அது வந்தது. ஆண்ட்ராய்டில் இப்படி ஒரே கோடு போட்டுச் சொல்ல முடியாது. ஒரே ஆண்டில் ஒரே கம்பெனி விட்ட இரண்டு போன்களில் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

உங்கள் ஊரில் பழைய நெட்வொர்க் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. வைஃபையை அணைத்துவிட்டு யாரையாவது சாதாரணமாக அழையுங்கள். மணி அடிக்கத் தொடங்கும்போது திரையின் மேல்மூலையைப் பாருங்கள். 4ஜி என்று இருந்தது 3ஜி என்றோ ஹெச் என்றோ மாறினால் குரல் பழைய வழியில்தான் போகிறது. நெட்வொர்க் மூடிய மறுநாள் அந்தப் போன் பேசாது.

"வாட்ஸ்அப் கால் நல்லாத்தானே வருது" என்பார் வீட்டில் ஒருவர். வரும். அது டேட்டா. அதே வாட்ஸ்அப்பில் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது.

வீட்டுக்குள் உட்கார்ந்து சோதிப்பது

மேலே சொன்ன சோதனையை வைஃபையை அணைக்காமல் செய்தால் ஒரு பயனும் இல்லை. வைஃபை காலிங் இயக்கத்தில் இருக்கும் போனில் அழைப்பு வீட்டு இணையத்தின் வழியாகவே போய்விடும், டவர் பக்கமே எட்டிப் பார்க்காது. வீட்டில் அருமையாகப் பேசிய போன் ஹைவேயில் கார் நின்றுபோன இடத்தில் ஊமையாக நிற்கும். செட்டிங்ஸில் வைஃபை காலிங்கையும் அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து சோதியுங்கள்.

சாதாரண கால் போனால் 000வும் போகும் என்று நம்புவது

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இதுதான், ஏனென்றால் உயிர் போனது இதில்தான்.

நாம் வீட்டுக்கோ நண்பருக்கோ அழைக்கும்போது போன் நம் சிம் நிறுவனத்தின் வோல்டியில் ஏற்கனவே பதிவாகியிருக்கும். அவசர அழைப்பின் பாதை வேறு. சிம் இல்லாவிட்டாலும், நம் நிறுவனத்தின் டவர் செத்துக் கிடந்தாலும், பக்கத்தில் யாருடைய டவர் கிடைக்கிறதோ அதில் தொற்றிக்கொண்டு அந்த அழைப்பு போயாக வேண்டும். அந்த நேரத்தில் எந்த நிறுவனத்தின் டவரில் எந்தத் தலைமுறையை (3ஜியா, 4ஜியா) தேட வேண்டும் என்பதைப் போன் தயாரிப்பாளர் மென்பொருளில் எழுதி வைத்திருப்பார். பல பழைய போன்களில் எழுதி வைத்திருந்தது 3ஜி. சாதாரண கால்கள் வோல்டியில் ஜம்மென்று போகும், 000 அழுத்தினால் மட்டும் இல்லாத 3ஜியைத் தேடிக்கொண்டு நிற்கும். போனின் சொந்தக்காரருக்கு இது தெரிய வழியே இல்லை.

இதனால்தான் 3ஜி மூடிய கையோடு புதிய விதி வந்தது: 000ஐ அடைய முடியாத போன் என்று தெரிந்தால் நிறுவனம் வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டு அந்தப் போனையே தன் நெட்வொர்க்கிலிருந்து தடை செய்ய வேண்டும். தடை விழுந்தால் டேட்டாவும் போய்விடும், வைஃபையில் மட்டும் ஓடும். "நல்லா ஓடுற போனை ஏன்யா முடக்குறீங்க" என்று அப்போது நிறையப் பேர் கொதித்தார்கள். எனக்கு அந்த விதியில் தப்பே தெரியவில்லை.

இன்னும் ஒரு சுற்று மிச்சம் இருந்தது. 2025 அக்டோபரில் டெல்ஸ்ட்ராவின் சோதனையில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. சில பழைய சாம்சங் போன்கள், டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் இரண்டும் கிடைக்காமல் வோடஃபோன் டவர் மட்டும் இருக்கும் இடத்தில், 000ஐ அடையவில்லை. வோடஃபோனின் 3ஜி மூடி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியும் அவை அதையே தேடிக்கொண்டிருந்தன. பட்டியலில் சுமார் 70 மாடல்கள். பெரும்பாலானவற்றுக்கு மென்பொருள் அப்டேட் போதும். 11 மாடல்களைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. கேலக்ஸி எஸ்6, எஸ்7 வரிசைகள், நோட் 5, 2017 ஆம் ஆண்டின் ஏ5, ஏ7, ஜே வரிசையில் மூன்று. ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைகளிலும் சக்கைப்போடு போட்ட போன்கள்தான், இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அடுத்த மாதமே வோடஃபோனின் தாய் நிறுவனமான டிபிஜி இன்னொரு செய்தியை வெளியிட்டது: சிட்னியில் அதன் வாடிக்கையாளர் ஒருவர் வைத்திருந்த பழைய சாம்சங் போனிலிருந்து 000 அழைப்பு போகவில்லை, அவர் இறந்துவிட்டார். அந்தப் போனில் இருந்த மென்பொருள் பழையது.

ஆகவே "அப்டேட் வந்திருக்கிறது" என்று போன் சொல்லும்போது "நாளைக்குப் பார்க்கலாம்" அழுத்தும் பழக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது விடுங்கள். பெற்றோரின் போனை எடுத்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.

000ஐ அழைத்துப் பார்த்துவிடலாமே

கூடாது. ஒவ்வொரு அழைப்பையும் எடுக்க ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், நிஜமாக நெஞ்சுவலியோடு ஒருவர் வரிசையில் காத்திருக்கலாம். தவிர, உங்கள் சோதனை நன்றாக நடந்தாலும் அது அந்த இடத்தில் அந்த டவரில் வேலை செய்தது என்பதைத்தான் காட்டும். மேலே சொன்ன சாம்சங் போன்களும் டெல்ஸ்ட்ரா டவர் கிடைத்த இடத்தில் 000ஐ ஒழுங்காகவே அடைந்தன.

"ஜியோவில் பேசுகிறேனே, வோல்டி இருக்கிறது"

இந்தியாவிலிருந்து வருபவர்கள் சொல்லும் வாதம் இது, பாதி சரி. 2016இல் வந்த ஜியோவிடம் 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. அதில் சாதாரணமாகப் பேச முடிந்தால் போனில் வோல்டி இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் வோல்டி என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாகத் திறந்துவிடப்படும் விஷயம். இந்தியாவில் விற்கும் போனில் ஜியோ, ஏர்டெல், வி இவற்றுக்கான அமைப்புகளைத் தயாரிப்பாளர் வைத்திருப்பார். டெல்ஸ்ட்ராவுக்கான அமைப்பும் உள்ளே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆஸ்திரேலிய சிம்மைப் போட்டதும் போனுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. இந்திய போன், துபாய் போன், சிங்கப்பூர் போன் எதுவானாலும் இதே கதைதான். அங்கே நன்றாக வேலை செய்தது என்பது இங்கே சான்றாகாது.

அலைவரிசையும் ஒரு பிரச்சினை. ஆஸ்திரேலியாவில் தூரத்துக்கு எட்டும் 4ஜி பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸில், பேண்ட் 28 என்ற பெயரில் ஓடுகிறது. அது இல்லாத போன் நகரத்துக்குள் சமாளித்துவிடும், ஊருக்கு வெளியே போனால் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கும்.

பெயரை வைத்து முடிவு செய்வது

"எஸ்7 ஆகுமா, ஆகாதா?" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் மூன்று பேர் ஆகும் என்பார்கள், இரண்டு பேர் ஆகாது என்பார்கள். ஒரே பெயரில் பல நாடுகளுக்குப் பல மாடல் எண்கள் இருப்பதால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உருப்படியான அடையாளம் ஐஎம்இஐ எண்தான். டயல் பேடில் *#06# அழுத்துங்கள், கால் பட்டனைத் தொடவே வேண்டாம், 15 இலக்க எண் திரையில் வந்து நிற்கும். இரண்டு சிம் போனாக இருந்தால் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 8 இலக்கங்கள் எந்தத் தயாரிப்பாளரின் எந்த மாடல் என்பதைச் சொல்லிவிடும், நிறுவனங்கள் சோதிப்பதும் அதை வைத்துத்தான்.

மூடலின்போது டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் இதைவிட எளிய வழி ஒன்று வைத்தன. 3 என்று மட்டும் எழுதி 3498 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், போன் தேறுமா தேறாதா என்று பதில் வந்தது. எண்ணை அழைக்க வேண்டியிருக்கவில்லை, கட்டணமும் இருக்கவில்லை. ஊரிலிருந்து கிளம்பாதவர்களுக்கு அந்த வழி கிடையாது. அவர்களிடம் ஐஎம்இஐயை வாங்கி, எந்த நிறுவன சிம் போடப்போகிறீர்களோ அவர்களிடமே நீங்கள் கேட்டுவிடுவது நல்லது. டிக்கெட் போட்ட வாரத்திலேயே கேட்டால் ஊரில் ஒரு போன் வாங்கலாமா, இங்கே வந்து வாங்கலாமா என்று யோசிக்க நேரம் இருக்கும். என்னைக் கேட்டால் இங்கேதான் வாங்க வேண்டும். உள்ளூர்க் கடையில் விற்கும் மலிவான போன் உள்ளூர் நெட்வொர்க்குக்காகவே அமைத்தது.

ஒரு தடவை தேறிய போன் எந்த சிம்மிலும் தேறும் என்றும் எண்ண வேண்டாம். மலிவு சிம்கள் பெரிய நிறுவனங்களின் டவரில்தான் ஓடும்: லெபரா வோடஃபோன் டவரில் ஓடுகிறது, பூஸ்ட் டெல்ஸ்ட்ராவில், அமேசிம் ஆப்டஸில். பத்து டாலர் மிச்சம் என்று சிம் மாற்றினால் அடியில் இருக்கும் நெட்வொர்க்கும் மாறுகிறது. மறுபடி கேட்க வேண்டும்.

ரகசியக் குறியீடுகள்

இணையத்தில் தேடினால், சில போன்களில் வோல்டியை வலுக்கட்டாயமாகத் திறக்கும் குறியீடுகளும் கணினி வழி வித்தைகளும் கிடைக்கும். சாதாரண கால் சில சமயம் வேலையும் செய்யும். அவசர அழைப்பின் பாதையை அது மாற்றுவதில்லை. நிறுவனத்தின் பட்டியலில் அந்த மாடல் "ஆகாது" என்று இருந்தால் தடையும் அப்படியேதான் இருக்கும்.

செட்டிங்ஸில் நியாயமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கிராமப்புறங்களில் 3ஜி நன்றாக எடுக்கிறது என்று நெட்வொர்க் மோடை "3ஜி மட்டும்" என்று பூட்டி வைத்த பலர் அதை மறந்தே போயிருந்தார்கள். நல்ல 4ஜி போனும் அந்தப் பூட்டில் மாட்டிக்கொண்டால் நோ சர்வீஸ்தான். ஆட்டோவுக்கு மாற்றுங்கள், 4ஜி காலிங் அல்லது வோல்டி என்ற பொத்தான் இருந்தால் இயக்குங்கள்.

போனை மட்டும் பார்ப்பது

வயதானவர்கள் கழுத்தில் மாட்டும் அபாய மணி, வீட்டுத் திருட்டு அலாரம், கடையில் கார்டு தேய்க்கும் மெஷின், காரில் இருக்கும் அவசர அழைப்பு வசதி, லிஃப்டுக்குள் இருக்கும் போன் இவற்றிலும் சிம் இருக்கும், அது 3ஜியாக இருக்கலாம். இவை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் சொல்லாது, விற்றவரைத்தான் கேட்க வேண்டும். கழுத்து மணியை முதலில் கேளுங்கள். பாட்டி அதை அழுத்தும் நாள்வரை அது செத்துவிட்டது யாருக்கும் தெரியாது.

நம்மவர்கள் வீட்டில் இன்னொரு பொருள் உண்டு: மேசை இழுப்பறையில் சார்ஜரோடு கிடக்கும் பழைய போன், உள்ளே இந்திய சிம், வங்கி ஓடிபிக்காக. அது 2ஜி, 3ஜி மட்டும் உள்ள போனாக இருந்தால் ஆஸ்திரேலியாவில் அதற்கு இனி டவரே இல்லை. 2ஜியையும் 2018க்குள் மூன்று நிறுவனங்களும் மூடிவிட்டன. வங்கிக் கணக்கில் அவசரமாக ஏதாவது செய்ய வேண்டிய நாளில்தான் இது தெரியவரும். அந்த சிம்மை எடுத்து நீங்கள் தினமும் பயன்படுத்தும் போனின் இரண்டாவது இடத்தில் போடுங்கள், ரோமிங்கை இயக்குங்கள், வங்கிச் செயலியில் நுழைந்து ஒரு ஓடிபி வருகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.