வகுப்புக்கு வந்த அக்காக்கள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர வரும் தன்னார்வலர்கள் முதல் மாதமே புலம்புவார்கள்: "இருபது பேர் பேர் குடுத்தாங்க, அஞ்சு பேர்தான் வர்றாங்க." ஆர்வமில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பலருக்குப் பிரச்சினை கண்ணில் இருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்கும். அதற்குத் தமிழில் பெயரே வெள்ளெழுத்து. புத்தகமே கையில் எடுக்காதவருக்கு அந்தக் குறை இருப்பது எப்படித் தெரியும்? ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவதோடு சரி. என் வகுப்பில் ஓர் அக்கா மூன்று வாரமாக 'ப'வையும் 'ம'வையும் மாற்றி மாற்றிப் படித்தார். "என் மண்டையில ஏறாது தம்பி, விட்டுரு" என்றார். ஒருநாள் பக்கத்திலிருந்தவரின் கண்ணாடியை விளையாட்டாக மாட்டிப் பார்த்தார். அன்றைக்குத் தடுமாற்றம் இல்லை. மூன்று வாரமும் மண்டு நான்தான். முதல் வாரமே கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

'அ'வில் தொடங்குவது அடுத்த தவறு. நெளிவும் சுழிவுமான எழுத்து அது. ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்கோடான எழுத்துகளில் தொடங்கினால் முதல் நாளே 'படம்', 'பட்டம்' எழுதிவிடலாம். புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடும் கைக்கு வளைவு ஒரு பாரமில்லைதான். ஆனால் சொல் எழுதிவிட்டோம் என்ற தெம்போடு வீட்டுக்குப் போனவர்தான் மறுநாள் வருவார். 247 எழுத்து என்று சொல்லி யாரையும் மிரட்டாதீர்கள். கால், கொம்பு, மேல்விலங்கு என்ற துணைக்குறிகள் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உகர, ஊகார வரிசைகள்தான் கொஞ்சம் பாடுபடுத்தும்.

கணக்கில் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று ஆரம்பிக்கவே கூடாது. ஏலச்சீட்டில் தள்ளுபடி போக ஆளுக்கு எவ்வளவு என்று வாயாலேயே சொல்பவர்கள் அவர்கள். அந்தக் கணக்கைத் தாளில் இறக்கத்தான் நாம் வேண்டும்.

நேரத்தை நாமே முடிவுசெய்வதும் தவறு. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வகுப்பு வைத்தால் குடம்தான் ஜெயிக்கும். நடவு, அறுப்பு நாட்களில் ஆள் வரவில்லையென்றால் திரும்பி வரும்போது காரணம் கேட்காமல் பாயை விரியுங்கள்.

படிப்பு அன்றாடத்தில் எதையாவது மாற்ற வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. இன்று அந்த இடத்தில் பேருந்துப் பலகை இருக்கிறது, ரேஷன் குறுஞ்செய்தி இருக்கிறது. 2022இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்திலும் 15 வயது நிரம்பிய, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம். ஆனால் பாடநூலை முடிப்பது மட்டுமே குறியாகிவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கையெழுத்துப் போட வந்ததும் வகுப்பை முடித்துக்கொள்வது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட, ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் எழுத்தறிவு. கைநாட்டு வைப்பவருக்காவது யாராவது பத்திரத்தை வாசித்துக் காட்டுவார்கள். கையெழுத்துப் போடுபவரிடம் பேனாவைத்தான் நீட்டுவார்கள். எங்கள் வகுப்பில் பெயர் எழுதப் பழகிய ஒருவர் அப்படித்தான் குழுக்கடனில் பக்கத்து வீட்டாருக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டார். தவணை கேட்டு ஆள் வந்த பிறகுதான், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி வகுப்புக்கு வந்தார்.