இளம் ஸ்டிரைக்கரும் வீட்டாரும் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை காலைகளில் நான் பையன்களுக்குக் காற்பந்துப் பயிற்சி தரும் திடலின் ஓரத்தில் ஓர் அப்பா நிற்பார். ஒரு கையில் பையில் கட்டிய கோப்பி, இன்னொரு கையில் கைப்பேசி. மகன் போடும் ஒவ்வொரு கோலையும் அதில் குறித்துக்கொள்வார். “அண்ணே, இந்த வருஷம் மட்டும் 41” என்று ஒருநாள் காட்டினார். பையனுக்கு அப்போது 13 வயது. கூட ஆடியவர்களைவிட ஒரு தலை உயரம். பின்னாலிருந்து யாராவது பந்தைத் தூக்கி அனுப்பினால் போதும். ஓடிப் பிடித்து, கோல்காவலரையும் சுற்றிக்கொண்டு போய் உள்ளே உருட்டிவிட்டு வருவான்.

மூன்று வருடத்தில் மற்றவர்களும் வளர்ந்துவிட்டார்கள். அவன் ஓடினால் அவர்களும் கூடவே ஓடினார்கள். முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பந்தை எப்படி வாங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுவரை தேவைப்பட்டதே இல்லை. அந்த 41இல் எத்தனை கோல் உயரத்தால் வந்தது, எத்தனை ஆட்டத்திறனால் வந்தது என்று நானும் பிரித்துப் பார்க்கவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

கோல் போடுவதையே வேலையாகக் கொண்ட இந்த முன்கள ஆட்டக்காரர்களின், இளம் ஸ்டிரைக்கர்களின், பெரும்பாலான கோளாறுகளுக்கு இதுதான் ஊற்று என்று எனக்குத் தோன்றுகிறது. தற்காப்பில் ஆடுகிறவன் நன்றாக ஆடினானா என்று சொல்ல ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்டிரைக்கரின் வேலையை, ஆட்டத்தைப் பார்க்காத மாமாகூட எண்ணிவிடலாம். எண்ண முடிவதால் வீடே உட்கார்ந்து எண்ணுகிறது. எண் ஏறினால் அவசரம், ஏறாவிட்டால் பதற்றம். இரண்டிலும் தப்பான முடிவு எடுக்கிறார்கள்.

வயதுப் பிரிவுகள் பிறந்த ஆண்டை வைத்தே அமைகின்றன. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பதின்மூன்று வயதில் அந்தப் பதினொரு மாதம் பெரிய வித்தியாசம். அதனால் கோலை எண்ணுவதற்குப் பதில் வேறு சிலவற்றை எண்ணிப் பாருங்கள்: பந்து வருமுன் தோளுக்கு மேல் எத்தனை முறை திரும்பிப் பார்த்தான், பழகாத காலால் எத்தனை முறை தொட்டான், கோலுக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கிக் கூட்டாளிக்கு ஒழுங்காகக் கொடுத்தது எத்தனை.

ஆட்டத்துக்குள் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, பந்தையே வேடிக்கை பார்ப்பது. வலப்பக்கம் பந்து ஓடுகிறது. நம் பையன் நேராகக் கோல்கம்பத்தை நோக்கி ஓடி, பந்து வருமுன்பே போய் நின்றுவிடுகிறான். நின்றவனைக் காப்பது சுலபம். பந்தையும் அவனையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டியது வேறு. முதலில் தற்காப்பு ஆட்டக்காரரின் முதுகுப் பக்கம் நழுவி, அவர் கண்ணில் படாத இடத்துக்குப் போக வேண்டும். பந்தைக் கொண்டுபோகிறவன் உதைக்கத் தலையைக் குனிகிறான் பாருங்கள், அந்தக் கணத்தில் அவருக்கு முன்னால் குறுக்கே பாய வேண்டும். இரண்டே அடி. அந்த இரண்டடி இடைவெளியில்தான் கோல் விழுகிறது. ஆஃப்சைடில் மாட்டுவதும், அதாவது பந்து கிளம்பும்போதே தற்காப்பு வரிசையைத் தாண்டிப் போய் நிற்பதும், பெரும்பாலும் இதே கதைதான்: நேர்கோட்டில் ஓடுகிறார்கள். தற்காப்பு வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, பந்து கிளம்பும்போது வளைந்து உள்ளே போனால் வேகமும் குறையாது, துணை நடுவரின் கொடியும் ஏறாது.

1993இல் புருணைக்கு எதிராகச் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி மல்லாக்கப் பாய்ந்து தலைக்கு மேல் உதைத்துப் போட்ட சைக்கிள் கிக் கோலை இன்றைக்கும் காணொளியில் பார்த்துவிட்டுத் திடலுக்கு வந்து மல்லாக்க விழும் பையன்கள் இருக்கிறார்கள். பார்க்க வேண்டிய கோல்தான், எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் கோல்களில் மிகப் பெரும்பாலானவை பெனால்டி கட்டத்துக்குள்ளிருந்து, ஒன்றிரண்டு தொடுதலில் அடிக்கப்படுபவை. அந்த அழகில்லாத கோலுக்குத்தான் ஆயிரம் தடவை பயிற்சி வேண்டும்.

சரி, ஆட்டம் வந்துவிட்டது. அடுத்த தவறு, குழுவின் பெயருக்காகப் பெஞ்சில் உட்காருவது. சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் குழுக்கள் வெளிநாட்டவரை எடுக்கும்போது முதலில் நிரப்புவது பெரும்பாலும் முன்களத்தைத்தான். உள்ளூர்ப் பையனுக்கு நடு முன்களத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்காக “நான் ஸ்டிரைக்கர், ஓரத்தில் ஆட மாட்டேன்” என்று முறுக்கிக்கொள்வது முட்டாள்தனம். ஓரத்தில் ஆடு, பின்னால் இறங்கி ஆடு, சின்னக் குழுவுக்குப் போ. எப்படியாவது ஆட்ட நிமிடங்களைச் சேர். இங்கிலாந்து ஸ்டிரைக்கர் ஹாரி கேன் டோட்டன்ஹாமில் நிலைபெறுமுன் லேட்டன் ஓரியன்ட், மில்வால், நாரிச், லெஸ்டர் என்று நான்கு குழுக்களுக்கு இரவல் போய் வந்தவர். நம்மிடமே அலெக்சாண்டர் டுரிச் இருந்தார். 2007இல் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்று, 37 வயதில் தேசிய அணிக்கு முதன்முறை ஆடி, தஜிகிஸ்தானுக்கு எதிராக இரண்டு கோலையும் அவரே போட்டார். ஓய்வுபெற்றபோது வயது 44. இருபது வயதில் “எல்லாம் முடிந்தது” என்று முகத்தைத் தொங்கப்போடும் தம்பிகளிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

இனி, சிங்கப்பூர்ப் பையன்கள் செய்தாக வேண்டிய தேசிய சேவை. “பதினெட்டு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்பது நம் வீடுகளில் கேட்கும் மிகப் பெரிய தவறு. இரண்டு வருட முழுநேரச் சேவை, ஒரு ஸ்டிரைக்கர் வேகமாக வளரும் வயதில் வந்து நிற்கிறது. விளையாட்டுக்காக ஒத்திவைப்புக் கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் குழுவுடன் ஒப்பந்தம் செய்த இளம் ஆட்டக்காரர் பெஞ்சமின் டேவிசின் விண்ணப்பத்தைத் தற்காப்பு அமைச்சு ஏற்கவில்லை. நாடே அதைப் பற்றி வாதாடியது. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் விளையாட்டுக்காக ஒத்திவைப்புப் பெற்றவர்கள் மூன்றே பேர். இரண்டு நீச்சல் வீரர்கள், ஒரு பாய்மரப் படகோட்டி. காற்பந்தில் ஒருவரும் இல்லை. இது நியாயமா என்று கோப்பிக்கடையில் மணிக்கணக்காகப் பேசலாம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் திட்டம் போடும்போது இருக்கிற விதியை வைத்துத்தான் போட வேண்டும்.

சிறு வயதிலேயே வெளிநாட்டுப் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு இன்னொரு விஷயம். 13 வயதாகிவிட்ட பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்கப்போனால், தேசிய சேவைக் கடமை இருப்பதால், வெளியேறுவதற்கான அனுமதி வேண்டும். வயதையும் காலத்தையும் பொறுத்துப் பிணைத்தொகையும் கேட்பார்கள். அது குறைந்தது 75,000 வெள்ளி, அல்லது பெற்றோரின் மொத்த ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. விமான டிக்கெட் எடுத்த பிறகு இதைக் கேள்விப்பட்டுத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சேவையை எதிரியாகப் பார்க்காமல், வாழ்க்கைக் கணக்கில் இரண்டு வருடத்தை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் வழி. சிங்கப்பூர் ஸ்டிரைக்கர் இக்சான் ஃபண்டி சேவையை முடித்துவிட்டே நார்வேயின் ராவ்ஃபோஸ் குழுவுக்குப் போனார். படையில் சேருமுன்பே குழுவோடு பேசுங்கள்: அந்தக் காலத்தில் ஒப்பந்தம் என்ன ஆகும், பயிற்சிக்கு வர மேலதிகாரியிடம் எப்படி அனுமதி கேட்பது, அடிப்படைப் பயிற்சி வாரங்களில் பந்தே தொடாமல் இருந்த காலை எப்படி மெல்லத் திரும்பப் பழக்குவது. முகாமைவிட்டு வெளியே வரும் முதல் வார விடுப்பிலேயே முழு ஆட்டம் ஆடித் தொடைத் தசையைக் கிழித்துக்கொண்டவன் என் பையன்களிலேயே இருக்கிறான்.

வெளிநாடு என்றதும் முகவர்கள் வருவார்கள். “சோதனை ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்கிறேன், முன்பணம் மட்டும் கட்டுங்கள்” என்று யார் சொன்னாலும் கதவைச் சாத்துங்கள். முகவருக்கு ஃபிஃபா உரிமம் இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவனுக்கு முகவர் ஒப்பந்தம் போடப் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, 18 நிறையாதவனை வெளிநாட்டுக் குழுவில் பதிவு செய்யவும் முடியாது. பதினாறு வயதுப் பையனுக்கு ஐரோப்பியக் குழு தயாராக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எந்த விதிவிலக்கின் கீழ் என்று கேளுங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்வியோடு காணாமல் போய்விடுவார்கள். குழு ஐரோப்பாவில் இருப்பதாலேயே பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். இக்சானின் தம்பி இல்ஹான் ஃபண்டி ஆடிய பெல்ஜியத்தின் டெய்ன்சே குழு 2024 டிசம்பரில் திவாலானது.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது பற்றி நான் நீட்டி எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் என் அக்கா மகனுக்கு முதல் ஒப்பந்தம் வந்த இரவு நினைவுக்கு வருகிறது. ஈசூன் வீட்டில் சாப்பாட்டு மேசை. அவன் முதல் பக்கத்தைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். நான் சம்பளத்தையும் கோல் போனஸையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் எண்ணத்தான் செய்தேன். தோசைக் கரண்டியோடு வந்த அக்கா கேட்டார்: “கால் உடைஞ்சா ஆஸ்பத்திரிக் காசு யாருடா கட்டுறது?”

பக்கங்களைப் புரட்டினேன். எங்கேயும் இல்லை. மறுநாள் குழுவுக்கு எழுதிக் கேட்டோம். மூன்று நாளில் ஒரு பத்தி சேர்த்து அனுப்பினார்கள். அவ்வளவுதான் விஷயம். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அக்காவின் கேள்வியோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை குழுவுக்கு மட்டுமா, இரு தரப்புக்குமா? காயத்தில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? வேறு குழு கூப்பிட்டால் எந்தத் தொகைக்கு விடுவார்கள்? ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்கு உட்பட்டவரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. கையெழுத்தான பிறகு மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும் என்றும் நிபந்தனை போடக்கூடாது. மருத்துவப் பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

காயத்தைப் பற்றிச் சொன்னதால்: சீக்கிரம் திரும்பி வருவதுதான் ஸ்டிரைக்கர்கள் உடம்புக்குச் செய்யும் பெரிய துரோகம். இடத்தை இன்னொருவன் பிடித்துவிடுவானோ என்ற பயம். முழங்காலுக்குள் இருக்கும் முன்பக்கத் தசைநார், ஆட்டக்காரர்கள் ஏசிஎல் என்பது, கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால் ஒன்பது மாதமாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் திரும்புகிறவர்களுக்கு மறுபடி அடிபடும் அபாயம் தெளிவாகவே அதிகம். வலி போய்விட்டது என்பது குணமாகிவிட்டதற்கு அடையாளம் ஆகாது. தொடையின் பின்தசைக்கு நார்டிக் பயிற்சி என்று ஒன்று உண்டு: முழங்காலிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பது. கருவி எதுவும் வேண்டாம், புளோக்கின் கீழ்த்தளத்திலேயே செய்யலாம். அந்தத் தசைக் காயங்களை வெகுவாகக் குறைக்கும். சலிப்பாக இருக்கிறது என்று முதல் மாதமே விட்டுவிடுவார்கள், அதுதான் தொல்லை.

கேலோங், அதாவது காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை விற்பது, அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டத்தை விற்கச் சொல்லி யாரும் முதல் நாளே பெட்டியோடு வருவதில்லை. முதலில் சாப்பாடு, அப்புறம் ஒரு ஜோடி காலணி, அப்புறம் “நாளைக்கு யாருக்குக் காயம், சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்று ஒரு குறுஞ்செய்தி. அந்தக் குறுஞ்செய்திக்குப் பதில் போடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். குழுவிடம் காட்டுங்கள், லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவிடம் சொல்லுங்கள். லஞ்சக் குற்றத்துக்கு 100,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. காற்பந்து ஆட்டங்களில் பந்தயம் கட்டுவதும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தடை. சட்டப்படி நடக்கும் சிங்கப்பூர் பூல்ஸில் கட்டினாலும் தடை தடைதான்.

பணம். இங்கே ஒரு வருட ஒப்பந்தங்கள் சகஜம். குழு உங்களை ஊழியராக வைத்திருந்தால் மத்திய சேம நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 20 விழுக்காடு போகும், முதலாளி தரப்பில் 17 சேரும். வெறும் படித்தொகை என்றால் அதுவும் இல்லை. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சம்பளத்தை நம்பிக் கார் எடுக்கப் போகிறவனிடம் சிஓஇ, அதாவது கார் வைத்துக்கொள்ள வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ், அதன் விலையைச் சொன்னாலே பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

படிப்பை விட்டுவிட்டு முழு நேரமும் ஆடினால் இரண்டு மடங்கு முன்னேறலாம் என்பதும் தவறான கணக்கு. பயிற்சி என்னவோ நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம்தான். மிச்ச நேரம் பெரும்பாலும் கைப்பேசிக்குப் போகிறது. அக்கா மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பகலில் வகுப்பு, மாலையில் பயிற்சி. இரவு எம்ஆர்டியில் தூங்கிப்போய், ஈசூனைத் தாண்டி உட்லண்ட்ஸில் கண் விழிக்கிறான் என்று அக்கா வாரத்துக்கு ஒருமுறை என்னிடம் புலம்புகிறார்.